பாட்டியும் ஆயா, பால்வாடியிலும் ஆயா

வாசகி கேட்கிறார்:

"ஐயா, என் பிறந்த வீடு திருவண்ணாமலைப் பக்கம். அம்மாவைப் பெற்றவரையும் அப்பாவைப் பெற்றவரையும் ஆயா என்று கூப்பிட்டுத்தான் வளர்ந்தோம். இப்போது என் மகளும் என் அம்மாவை ஆயா என்கிறாள். என் மாமியார் திருநெல்வேலிக்காரர். 'என்ன பிள்ளே இது, வேலைக்காரியக் கூப்பிடுற மாதிரி ஆயா ஆயான்னுட்டு? அழகா ஆச்சின்னு சொல்லு' என்று அவளைத் திருத்தினார். அப்போது அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எங்கள் ஊர்ப் பால்வாடியில் 22 வருஷம் ஆயாவாக வேலை பார்த்தவர். ஆயா என்பது பாட்டியைக் குறிக்கும் சொல்லா, வேலைக்காரியைக் குறிக்கும் சொல்லா? எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் கழுவ வருகிறவரையும் மகள் ஆயா என்றுதான் கூப்பிடுகிறாள். அவரை எப்படிக் கூப்பிடச் சொல்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விகளைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆனால் நீங்கள் கேட்டது சொல்லைப் பற்றி. என் தொழிலும் அகராதி என்பதால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

ஆயா ஒரு சொல் இல்லை, இரண்டு. ஓடுகிற ஆறும் எண்ணுகிற ஆறும் ஓசையில் ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு சொற்கள் அல்லவா? அப்படித்தான் இங்கேயும். ஒரு ஆயா நம் மண்ணிலேயே முளைத்தது. இன்னொன்று கப்பலில் வந்தது.

நம்முடையதை முதலில் பார்ப்போம். சங்கப் பாடல்களில் யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். தாய் என்பது அந்தக் காலத்தில் அவனுடைய அல்லது அவளுடைய அம்மாவைத்தான் குறித்தது. எந்தை, நுந்தை, தந்தை என்று அப்பாவுக்கு மூன்று இருந்ததுபோல அம்மாவுக்கும் மூன்று. மூன்றிலும் பொதுவாக நிற்பது ஆய். இன்று யாயும் ஞாயும் வழக்கில் இல்லை. மூன்றில் தாய் மட்டுமே தங்கியது. ஆனால் ஆய் எங்கேயும் போய்விடவில்லை. கருப்பாயி, வீராயி, பேச்சாயி, மாரியாயி என்று கிராமத்துப் பெண்களின் பெயரிலும் காவல் தெய்வங்களின் பெயரிலும் கடைசியில் உட்கார்ந்திருப்பது அதுதான். தாயைச் சொல்லும் சொல் ஒரு தலைமுறை மேலே ஏறிப் பாட்டிக்குப் போவதும் தமிழில் புதிதல்ல. சில ஊர்களில் ஆத்தா என்றால் அம்மா, சில ஊர்களில் பாட்டி. அதே வழியில்தான் உங்கள் வட மாவட்டங்களில் ஆயா பாட்டியானது. செட்டிநாட்டிலும் தாயைப் பெற்றவர் ஆயா, தகப்பனைப் பெற்றவர் அப்பத்தா.

உங்கள் மாமியார் சொல்லும் ஆச்சியும் இதுபோல ஊருக்கு ஊர் மாறுவதுதான். நெல்லையிலும் யாழ்ப்பாணத்திலும் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையாகச் சொல்வது ஆச்சி. அங்கே அதற்குப் பாட்டியாக வேண்டிய அவசியமே இல்லை. ஆச்சி உசத்தி, ஆயா மட்டம் என்று எந்த அகராதியிலும் கிடையாது. அவரவர் பிறந்த ஊரில் கேட்டு வளர்ந்த சொல் அவரவருக்கு இனிக்கிறது. மாமியாருக்கு ஆச்சி அப்படி இனிக்கிறது என்றால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி, கப்பலில் வந்த ஆயா. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498இல். அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொற்களை ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள்: சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, துவாலை. போர்ச் சொல்லோ அரசியல் சொல்லோ இந்த வரிசையில் இல்லை. எல்லாமே ஒரு வீட்டுக்குள் இருக்கும் பொருள்கள். அந்த வீடுகளில் மேசையைத் துடைத்தவர்கள், துவாலையை மடித்தவர்கள், சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எஜமானர்கள் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு அவர்கள் வாயில் ஏறிய சொற்கள்தான் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன என்பது என் எண்ணம். அந்த வீடுகளில் பிள்ளை வளர்க்கும் பெண்ணுக்குப் பெயர் அயா. போர்ச்சுகீசிய மொழியில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கும் பெண் என்று அதற்குப் பொருள். அதுவே ஆணாக இருந்தால் அயோ.

வெள்ளைக்கார துரைமார் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு நாடு முழுக்கப் பரப்பினார்கள். இந்தியிலும் வங்காளத்திலும் ஆயா என்றால் பிள்ளை பார்க்கும் பெண்தான். பாட்டி என்ற பொருள் அங்கே இல்லை. நம் ஆயா வேறு, அந்த ஆயா வேறு என்பதற்கு இது நல்ல சாட்சி. துரைமார் ஊருக்குத் திரும்பும்போது கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக்களையும் கூட்டிப்போனார்கள். கரை சேர்ந்த பிறகு சிலரை அப்படியே கைவிட்டுவிட்டார்கள். திரும்பி வரக் காசில்லாமல் லண்டனில் தவித்த பெண்களுக்காக ஓர் இல்லமே நடந்தது. முதலில் ஆல்ட்கேட் பகுதியில் இருந்த அந்த ஆயாக்கள் இல்லம் 1900இல் ஹாக்னியில் கிங் எட்வர்ட்ஸ் சாலைக்கு மாறியது. 2022இல் அந்த வீட்டின் சுவரில் நீல நிற நினைவுப் பலகை ஒன்று பதித்தார்கள்.

இந்தப் பெண்களைப் பற்றிப் படிக்கும்போது என்னால் தாங்க முடியாமல் போவது அந்தக் காலத்துக் கப்பல் பட்டியல்கள்தான். துரையின் பெயர் இருக்கும், துரைசானியின் பெயர் இருக்கும், பிள்ளைகளின் பெயர் இருக்கும். கீழே 'இன்ன துரைசானியின் ஆயா' என்று இருக்கும். கடல் தாண்டி ஒரு குழந்தையை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்தவளுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்ன என்று அங்கே பலருக்கு எழுதவே இல்லை.

அந்த அயா போர்ச்சுகீசிய மொழிக்கு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. லத்தீன் மொழியில் அவியா என்றால் பாட்டி. அயா அதிலிருந்து வந்தது என்று பல அகராதிகள் சொல்கின்றன. ஸ்பானிய அகராதிக்காரர்கள் மட்டும் கோத்தியம் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் காவலர் என்று பொருள்படும் ஒரு சொல்லைக் காட்டுகிறார்கள். முதல் கருத்தே சரி என்றால், பாட்டியைக் குறித்த சொல்தான் ஐரோப்பாவில் பிள்ளை பார்ப்பவளின் பெயராகி, கப்பலேறி இங்கே வந்து, ஏற்கெனவே பாட்டியாக இருந்த நம் ஆயாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. மற்ற இறக்குமதிச் சொற்களைப் போல இது நம் நாக்குக்கு அந்நியமாக இல்லாததற்கும் இதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. வயதான ஒரு தமிழ்ப் பெண்ணைப் பரங்கி வீட்டுப் பிள்ளை அயா என்று கூப்பிட்டால் அவள் காதில் அது பாட்டி என்றுதானே விழுந்திருக்கும்?

ஆக, உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான். உங்கள் மகள் சொல்லும் ஆயா பழைய தமிழ்ச் சொல். வேலை செய்பவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து அது பிறக்கவில்லை.

இதைக் கொண்டுபோய் மாமியாரிடம் சொல்லி வாயை அடைத்துவிடலாம். ஆனால் அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 'அத்தை, இது வேலைக்காரியோட பேரு இல்ல, சங்க காலத்துச் சொல்லு' என்று நீங்கள் சொன்னால், வேலைக்காரியின் பெயராக இருந்திருந்தால் அது கேவலம்தான் என்று நீங்களும் ஒத்துக்கொண்டதாகிவிடும். பாட்டி என்ற ஆயாவைக் காப்பாற்றப் போய்ப் பால்வாடி ஆயாவை விட்டுக்கொடுத்துவிடுவீர்கள். உங்கள் அம்மா இரண்டும்தானே? அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

பால்வாடியில் ஆயா என்ன செய்கிறார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவது, கூடத்தைப் பெருக்குவது, அடுப்பு மூட்டுவது, தட்டுக் கழுவுவது, மூக்கைத் துடைப்பது, வெளிக்குப் போன பிள்ளையைக் கழுவி விடுவது, அழுகிறதைத் தோளில் போட்டுத் தூங்க வைப்பது, சாயங்காலம் கொண்டுபோய் அதனதன் வீட்டில் விடுவது. எந்தப் பிள்ளை வீட்டில் ராத்திரி அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். இன்று பால்வாடிகளை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975இல் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சத்துணவுத் திட்டம் 1982இல் வந்தது. பதிவேட்டில் இப்போது உதவியாளர் என்று எழுதுகிறார்கள். ஊர் வாயில் இன்னும் ஆயாதான். கப்பலில் வந்த ஆயாவும் மண்ணில் முளைத்த ஆயாவும் ஒன்றோடொன்று கலந்துபோனது அங்கேதான் என்று நினைக்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு அவர் உத்தியோகப் பெயர் என்று எதுவும் தெரியாது. பாட்டியைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிடுகிறது.

இதே வேலைக்கு நம் மொழியில் இன்னொரு பெயரும் இருந்தது. சங்க இலக்கியத்தில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தோழி யார் என்றால் செவிலியின் மகள் என்கிறது தொல்காப்பியம். அகப்பாடல்களில் தலைவிக்காகப் பேசுகிறவள், தலைவனைக் கண்டிக்கிறவள், திருமணத்துக்கு வழி செய்கிறவள் எல்லாம் அந்த வளர்ப்புத் தாயின் பெண்தான். அந்தச் செவிலி இன்று எங்கே இருக்கிறார்? மருத்துவமனையில், செவிலியர் என்ற பெயரில், வெள்ளைச் சீருடையில். செவிலியர் என்று எழுத இன்று யாரும் கூசுவதில்லை. இலங்கையில் தாதியர் என்கிறார்கள். அந்தத் தாதியும் பழைய நூல்களில் பணிப்பெண்ணுக்கும் வளர்ப்புத் தாய்க்கும் வழங்கிய சொல்தான். அந்த வேலைக்குப் படிப்பு வந்தது, சம்பளம் வந்தது, விதிமுறை வந்தது. பின்னாலேயே அந்தப் பெயரின் மதிப்பும் ஏறியது. கீழே இறங்கிய சொற்களும் இடம் மாறிய சொற்களும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் அரண்மனை வேளத்தில், அதாவது பணிப்பெண்கள் குடியிருப்பில், இருந்து பணிசெய்த பெண்களுக்குப் பெண்டாட்டி என்று பெயர். அவர்களில் சிலர் தங்கள் பெயரிலேயே கோயிலுக்குக் கொடை கொடுத்திருக்கிறார்கள். இன்று அந்தச் சொல்லுக்கு மனைவி என்று பொருள்.

அதனால்தான் ஒரு பெயரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதை நான் முழுதாக நம்புவதில்லை. உதவியாளர் என்று பெயர் மாற்றிய பிறகும் அதே விளக்குமாறு, அதே அடுப்புப் புகை என்றால், கொஞ்ச நாளில் உதவியாளர் என்ற சொல்லிலும் அதே இளக்காரம் ஏறிவிடும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறவர். வேலைக்காரி என்ற சொல்லை நான் என் வீட்டில் அனுமதிப்பதில்லை. அந்தக் 'காரி'தான் காரணம். ஆண்களைச் சொல்லும்போது பால்காரர், தபால்காரர், தோட்டக்காரர் என்று 'ர்' வந்து ஒட்டிக்கொண்டது. பெண்களுக்கு மட்டும் பூக்காரி, கீரைக்காரி, வேலைக்காரி என்று அப்படியே நிற்கிறது. இது மக்களுக்கே உறுத்தியிருக்கிறது. பூக்காரம்மா, வேலைக்காரம்மா என்று சென்னைத் தெருக்களில் ஓர் அம்மாவைச் சேர்த்து அதைச் சரிசெய்துகொண்டார்கள். இலக்கணம் படித்தவர்கள் யோசிக்காததை வாசலில் நின்று பேசியவர்கள் செய்திருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் இலங்கையிலும் பத்திரிகைகள் பணிப்பெண் என்று எழுதுகின்றன. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் வந்த பெண்கள் கத்தாமா என்ற அரபுச் சொல்லோடு திரும்புகிறார்கள். ஊழியம் செய்பவள் என்று பொருள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது மெய்டு. இளம்பெண் என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு முதல் பொருள். 60 வயது அம்மாவையும் அப்படியே சொல்கிறோம்.

தொல்காப்பியத்தில் அடியோர் என்றும் வினைவலர் என்றும் இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும். அடிமைகளும் ஏவல் வேலை செய்பவர்களும். உயர்ந்த காதல் என்று இலக்கணம் வகுத்த அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். அந்தப் பிரிவினையை நான் ஏற்கவில்லை. ஆனால் இரண்டாவது சொல்லைப் பிரித்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துபோகும். வினையில் வல்லவர். அடிப்பிடித்த பாத்திரத்தைக் கீறல் விழாமல் தேய்த்துக் கொடுப்பவருக்கு அந்தச் சொல் பொருந்தாமல் வேறு எதற்குப் பொருந்தும்?

நடைமுறைக்கு வருகிறேன். யாரிடமாவது அவரைப் பற்றிச் சொல்லவோ எழுதவோ வேண்டுமென்றால் வீட்டுப் பணியாளர் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2007இல் அமைந்த நல வாரியத்தின் பெயர் வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம். அந்தச் சொல்லால் ஒரு பயன் உண்டு: அதில் பதிவுசெய்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று சிலது கிடைக்கும். அவர் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் கூடமாட இருந்து செய்து கொடுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அவரையும் காப்பாற்றும் சட்டம் அது. வீட்டுப் பணியாளர்களுக்கென்று உலகத் தொழிலாளர் அமைப்பு 2011இல் கொண்டுவந்த 189ஆவது உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை. எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

கூப்பிடுவது வேறு விஷயம். அதற்கு அகராதி வேண்டாம், அவரையே கேளுங்கள். 'உங்கள என் பொண்ணு எப்படிக் கூப்பிடட்டும்?' என்று கேட்டால் போதும். சிலர் அக்கா என்பார்கள், சிலர் அத்தை என்பார்கள், சிலருக்குப் பெயரோடு அம்மா சேர்த்தால் பிடிக்கும். ஆயா என்றே கூப்பிடட்டும் என்றால் அதுவும் சரிதான். ஆனால் 40 வயதுக்காரரைப் பிள்ளை ஆயா என்றால், பாட்டியாக்கிவிட்டாளே என்று அவருக்கே கோபம் வரலாம். எதுவானாலும் அவருடைய முழுப்பெயர் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கப்பல் பட்டியலைப் படித்ததிலிருந்து இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 'வா, போ' என்பதை 'வாங்க, போங்க' ஆக்குங்கள். நீங்கள் மாறினால் பிள்ளை தானாக மாறும்.

உங்கள் அம்மாவிடம் நேராகப் பேசுங்கள். மாமியார் சொன்னதற்கு நீங்களும் அன்று பேசாமல் இருந்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. இருந்திருந்தால் அதை அம்மாவிடம் சொல்லிவிடுவது நல்லது. மாமியாரிடம் சண்டை வேண்டாம். அவர் வளர்ந்த ஊரில் பாட்டிக்கு ஆயா என்ற வழக்கம் இல்லை. அவர் காதில் பள்ளிக்கூட ஆயா மட்டுமே விழுந்திருக்கிறார். பேத்திக்கு இரண்டு பாட்டிகள் இருப்பதால் ஒருவர் ஆச்சி, ஒருவர் ஆயா என்று இருந்துவிட்டுப் போகட்டும். குழப்பமும் இருக்காது.

அடுத்த முறை இரண்டு பாட்டிகளும் ஒன்றாக இருக்கும்போது உங்கள் மகளை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "ஆயா, நீங்க பால்வாடில வளர்த்த பிள்ளைங்க இப்ப எங்கெங்க இருக்காங்க?" 22 வருஷத்துப் பிள்ளைகள் என்பதால் பதில் முடிய நேரமாகும். மாமியாருக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுத்துப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.